நாலு தூணுக்குக் கருப்புத் துணி

1

மூன்று நாளாக ஒரு ஃபாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்கிற ஃபாரம். பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர், உயரம், மச்சம் எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் மளமளவென்று எழுதிவிட்டேன். ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

இந்தக் கனடா தேசத்துக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. இங்கே எங்கள் முகவரி நாலு தடவை மாறிவிட்டது. ஆனால் நிரந்தர முகவரி என்று எந்த ஆபீசில் கேட்டாலும் நான் யோசிக்காமல் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: கதவு எண் 14A, மாடி, கருமத்தம்பட்டி, கோயமுத்தூர் மாவட்டம். 14 என்பது என் அக்கா வீடு. அந்த ‘A’ மேலே இருந்த ஒற்றை அறை. எனக்காகக் கட்டிய அறை. அதற்குத் தனியாக ஒரு எண் வேண்டும் என்று மச்சான் பஞ்சாயத்து ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அந்த அறை இல்லை. இடித்தாகிவிட்டது.

“பழசையே எழுதிப்போடுங்க. அங்க போய் ஆரு எட்டிப் பாக்கப்போறாங்க?” என்கிறாள் என் மனைவி ஸ்டெல்லா. அவள் சொல்வது சரிதான், ஒருத்தரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் நான் பார்க்கிற வேலை அப்படி. இருபது வருடமாக மிசின் காட்டுகிற எண்ணை மட்டும் எழுதிப் பழகிய கை இது. இல்லாத மாடியை இருக்கிறது என்று எழுத வரமாட்டேன் என்கிறது. அதுவும் அந்த மாடி போனதற்குக் காரணமே நான் சொன்ன ஒரே ஒரு சொல் என்கிறபோது.

2

என் வேலையைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால் மச்சான் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: “ஒடைக்கிற வேலைங்க.” தப்பே இல்லை. கோயமுத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேபில் கான்கிரீட் கட்டைகளை மிசினில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்தும் அதையேதான் செய்கிறேன். ஒரே வித்தியாசம், இங்கே கட்டைக்கு மேலே துணி சுற்றியிருக்கும்.

இந்த ஊரில் ஆறு மாதம் பனி. ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு பாலத்துத் தூணுக்குள் இறங்கி உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றுவிடுகிறது. தூணை இடித்துக் கட்டினால் ரோட்டை மூட வேண்டும். அதனால் கண்ணாடி நூலிலும் கார்பன் நூலிலும் நெய்த துணியை ரெசின் பசையில் நனைத்து, அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவது போலத் தூணைச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். பசை காய்ந்தால் துணி தகடாக இறுகிவிடும். தூண் பிதுங்க நினைத்தாலும் விடாது. அது எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே சிறிய கட்டைகளில் சுற்றி, நசுக்கிப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு.

வந்த புதிதில் நான் சுற்றிய முதல் கட்டை உடைந்தபோது சூப்பர்வைசரிடம் ஓடிப் போய், “சார், இட் ஹாஸ் எக்ஸ்பையர்ட்” என்றேன். நம்ம பக்கம் பெரியவர் ஒருத்தர் தவறிவிட்டால் ‘செத்துப்போனார்’ என்றா சொல்லுவோம்? கான்கிரீட் கட்டைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டேன். அந்த மனுசன் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இன்றைக்கும் எந்தக் கட்டை உடைந்தாலும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்கிறார்.

போன வாரம் பள்ளிக்கூடம் லீவு என்று என் மகள் ஜெனியை லேபுக்குக் கூட்டிப்போனேன். ஒன்பது வயது. காதை அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மிசினை ஓட்டினேன். வெறும் கான்கிரீட் என்றால் ஒரே ‘டப்’தான். துணி சுற்றிய கட்டை அப்படிப் போகாது. முதலில் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று சின்னச் சின்னதாக வெடிக்கும். ஒவ்வொரு நூலாக அறுகிற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால், துணி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறம்தான் பெரிய வெடி.

எல்லாம் அடங்கியதும் ஜெனி காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவளுடைய தமிழில் கேட்டாள்: “நல்லாத்தானே இருந்துச்சு? நீ ஏன் அதை ஒடச்சே?”

‘நீ’! எங்கள் ஊர்ப் பக்கம் தகப்பனை ஒரு பிள்ளை ‘நீ’ என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். எங்கள் பக்கம் ஆட்டுக்குட்டியைத் துரத்தும்போதுகூட ‘ங்க’ போடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. இவள் மாதா கோயிலில் சாமியாரையும் ‘நீ’ என்கிறாள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் திருத்தவில்லை. கேள்வி என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

3

தொண்ணூற்றாறு கோடை. அதற்கு முந்தின மார்கழியில் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

என் அக்கா பெயர் மேரி. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்து வேலை பார்த்தவர்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டபோது எனக்குப் பதினோரு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அவர் தறிக்குடோனுக்கு வேலைக்குப் போய்தான் என்னை டிப்ளமா வரைக்கும் படிக்க வைத்தார். சூசை மச்சானைக் கட்டிய பிறகு இரண்டு பேரும் ஒவ்வொரு விசைத்தறியாகச் சேர்த்து, எட்டுத் தறி ஓடுகிற சொந்தக் குடோன் போட்டார்கள். நான் கனடா வந்ததும் குடோனின் முன்பக்கத்துக்கு மேலே ஒரு அறையைக் கட்டினார் அக்கா. “நீ திரும்பி வந்தா வந்துபோற ஒறம்பரை மாதிரி பாய் போட்டுப் படுப்பியா? உனக்குன்னு ஒரு ரூம் வேண்டாமா?” என்று எழுதியிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சிவில் படித்தவன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

குடோனில் இருந்தவை சிமெண்ட் அட்டைக் கூரையைத் தாங்கப் போட்ட ஒல்லித் தூண்கள். கீழே எட்டுத் தறியும் நாள் முழுக்கத் ‘தடக் தடக்’ என்று அதிர்கிறது. மேலே தளமும் சுவரும் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? முன்பக்கத்து நாலு தூணிலும் மேலிருந்து கீழாக விரிசல். அதைத்தான் கடிதத்தில் எழுதியிருந்தார். பார்க்க வந்த இன்ஜினியர் இரண்டு வழி சொன்னாராம். ஒன்று, மாடியை இடிப்பது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தூணையும் சுற்றி அரை அடி கான்கிரீட் போட்டுப் பருமனாக்குவது. அப்படிப் பருமனாக்கினால் தூண் பக்கத்தில் இருக்கிற இரண்டு தறிக்கு இடம் இருக்காது, கழற்றிவிட வேண்டும். “நீ என்ன சொல்றே கண்ணு?” என்று முடித்திருந்தார்.

கடிதத்தைப் படித்தபோது என் முன்னால் மேசையில் கார்பன் துணிச் சுருள் ஒன்று இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றினாலும் ஒரு நூல் கனம்கூட ஏறாது. தறியைத் தொட வேண்டாம், மாடியை இடிக்க வேண்டாம். என் வேலை கடைசியில் எனக்கே உதவப்போகிறது! சுருளின் மிச்சத்தைக் கேட்டேன், சூப்பர்வைசர் எடுத்துக்கொள் என்றுவிட்டார். மச்சானுக்கு உடனே எழுதினேன். தூணுக்குப் போட்ட அதே கலவையில், ஒரு அடி நீளப் பிளாஸ்டிக் குழாய்களில் ஆறு கட்டை வார்த்து வைக்கச் சொன்னேன். மூன்றை வெறுமனே உடைப்பது, மூன்றைத் துணி சுற்றி உடைப்பது. சோதிக்காமல் நான் எதையும் நம்புகிறவன் இல்லை.

கோடை லீவில் நாங்கள் மூன்று பேரும் வந்து இறங்கியபோது, மெட்ராசில் கஸ்டம்ஸ் அதிகாரி சுருளைப் பிரித்துப் பார்த்தார். “என்னங்க இது?”

“கார்பன் துணி சார். தூணுக்குச் சுத்தறது.”

“தூணுக்கா? எந்த ஊருக்குப் போறீங்க?”

“கோயமுத்தூர் சார்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “கோயமுத்தூருக்கு வெளிநாட்டுலேருந்து துணி கொண்டு போற மொத ஆளு நீங்கதான்.” பிறகு, இது ஜவுளியா, கட்டிடச் சாமானா, எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று மூன்று பேர் கூடிப் பேசினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, ‘கருப்புத் துணி, தைக்காதது’ என்று எழுதி விட்டுவிட்டார்கள். அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

4

அக்கா துணியைக் கையில் வாங்கியதும் செய்த முதல் காரியம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்ததுதான். இருபத்தைந்து வருடத் தறிக்காரி. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“நீளத்துக்குப் பாவு நூல் மட்டுந்தான் இருக்குது, குறுக்க ஊடையவே காணமே? பேருக்கு நாலு நூலு ஓட்டிப்போட்டு உன்னைய நல்லா ஏமாத்திப்போட்டாங்க கண்ணு.”

“அப்படித்தாங்கக்கா நெய்வாங்க. நூலு தூணைச் சுத்திப் போகோணும். குறுக்க வேலையே இல்லீங்க.”

“நம்ம தறியில இப்படி ஒரு பீசு எறக்குனா மொதலாளி மூஞ்சிலயே வீசுவாரு.”

மச்சான் அந்தப் பக்கம் நின்று சிரித்தார். “கனடாவுல தறி ஓட்டத் தெரியலீன்னா என்ன மாப்ள, ஒடைக்கத் தெரியுமில்ல!”

ரெசினை விமானத்தில் ஏற்ற விடவில்லை. ஆனால் கோயமுத்தூரில் கிடைக்காத சாமான் உண்டா? ஃபவுண்டரிகளுக்கு அச்சு செய்கிற பட்டறைகளில் அதே ரெசினைத்தான் வைத்திருக்கிறார்கள். கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் பிடித்தேன். இருந்தது பாதிக்குத்தான் வந்தது, மீதி திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை தறிகளை நிறுத்தினோம். விரிசல்களை அடைத்து, தூணின் நாலு மூலையையும் தேய்த்து உருட்டி, பொழுதோடு முதல் சுற்றை நாலு தூணுக்கும் ஒட்டி முடித்தேன். சோதனைக் கட்டை மூன்றுக்கும் ஒட்டித் தூண் பக்கத்திலேயே வரிசையாக நிறுத்தி வைத்தேன். தூணுக்கு நடப்பதெல்லாம் கட்டைக்கும் நடக்க வேண்டும், அதுதான் சோதனையின் விதி. அந்த வேலையை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது. லேபில் ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுகிறவன் நான். அங்கே மச்சான் துணியை இழுத்துப் பிடிக்க, அக்கா சுருக்கம் நீவ, பக்கத்துக் குடோன்காரர்கள் வந்து வந்து பார்த்துக் கருத்துச் சொல்ல, கண்ணாலத்துக்குப் பந்தல் போடுகிற மாதிரி ஒரே கலகலப்பு. ஒரு மாடியைக் காப்பாற்றுவதற்கு இத்தனை சந்தோசமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஸ்டெல்லாவின் அம்மா வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தார். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை வரைக்கும் இங்கே வேலை இல்லை. சனிக்கிழமை வெடியால கிளம்பினோம். கிளம்பும்போது தூண்களைக் காட்டி அக்காவிடம் ஒன்று சொன்னேன்.

“பாத்துக்குங்கக்கா.”

“நாம்பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போய்ட்டு வா சாமி” என்றார்.

மலைப்பாதை வளைவுகளில் ஜெனி வாந்தி எடுத்தபடி வந்தாள். மாமியார் வீட்டில் கறிக்குழம்பும் தேயிலைக் காட்டுக் குளிருமாக இரண்டு நாள் ஓடிவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் கருமத்தம்பட்டிக்குத் திரும்பினேன். குடோன் தரை ஈரமாக இருந்தது. நூல் அறுகாமல் இருக்கத் தரைக்குத் தண்ணீர் தெளிப்பது எல்லாக் குடோனிலும் வழக்கம்தான். தூணைத் தொட்டுப் பார்த்தேன். கருப்பு மேலே லேசாக வெள்ளை பூத்திருந்தது. அந்த ஊரில் எதன் மேல்தான் வெள்ளை இல்லை? பஞ்சுத் தூசி. சாமி படத்தில், சோற்றுச் சட்டி மூடியில், ஆள் புருவத்தில்கூடப் படிந்திருக்கும். ஒரு பழந்துணியால் துடைத்தேன். முக்கால்வாசி போயிற்று. இரண்டாவது சுற்றை ஒட்டினேன்.

5

பத்து நாள் காயவிட்டோம். பிறகு துணி பீஸ் ஏற்றிப் போகிற வேனில் ஆறு கட்டையையும் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் போனோம். நான் பழைய வேலை பார்த்த அதே காலேஜ், அதே லேப். அக்காவும் வந்தார். பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிற மாதிரி நல்ல சேலை உடுத்தி, தூக்குப்போசியில் எல்லோருக்கும் புளிச்சோறு.

மிசினில் என் பழைய கூட்டாளி பழனிச்சாமி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மிசினின் எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. மூலையில் நான் கிறுக்கிய கணக்குகூடச் சுவரில் அழியாமல் இருந்தது. கனடாவில் என் மிசினுக்குக் கம்ப்யூட்டர் உண்டு, இங்கே முள் சுற்றுகிற வட்டம்தான். ஆனால் சொல்கிறேன், அந்த வட்டத்தின் முன்னால் நின்றபோதுதான் நான் என் வேலையில் நிற்கிறேன் என்று தோன்றியது.

வெறும் கட்டை மூன்றையும் முதலில் உடைத்தோம். இருபத்தாறு டன், இருபத்தேழு, மறுபடி இருபத்தாறு. கலவை எவ்வளவு மட்டம் என்று தெரிந்துபோயிற்று. பரவாயில்லை, துணி இதை இரண்டு மடங்காக்கும். “இப்பப் பாருங்கக்கா. மொதல்ல சோளம் பொரியற மாதிரி சத்தம் வரும். அது வந்துச்சுன்னா நம்ம மாடி நின்னுருச்சுன்னு அர்த்தம்” என்றேன்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

முள் இருபதைத் தாண்டியது. இருபத்தைந்து. இருபத்தெட்டு. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முப்பத்தொன்றில் பொரி சத்தம் ஏதும் இல்லாமல், ‘சர்ர்’ரென்று சேலை கிழிகிற மாதிரி ஒன்று. மேல் சுற்று அப்படியே வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. உள்ளே கட்டை நொறுங்கியது. முள் பின்னால் விழுந்தது.

பழனிச்சாமிக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடம். “மிசின்ல சித்த கோளாறு இருக்குதுங்களோ என்னமோ... ரொம்ப நாளா சர்வீஸ் பண்ணலீங்க” என்றார். பாவம், அவருக்கும் எனக்கும் தெரியும், மிசினில் ஒரு கோளாறும் இல்லை. அடுத்த கட்டை முப்பது. கடைசியும் அவ்வளவே.

அவிழ்ந்த துணியைக் கையால் இழுத்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. இரண்டு சுற்றுக்கும் நடுவில் வெள்ளை. பஞ்சு இல்லை, மெழுகு பூசிய மாதிரி வழவழப்பு. ரெசின் காயும்போது தண்ணீர் பட்டால்தான் அப்படிப் பூக்கும். எங்கே இருந்து வந்தது தண்ணீர்? மழையே இல்லையே?

“தண்ணி பட்டிருக்குது. ஆரோ தண்ணி ஊத்தியிருக்காங்க!” என்றேன்.

“நாந்தான் ஊத்துனேன்” என்றார் அக்கா. என் குரல் ஏன் ஏறுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. “தூணுக்குச் சாக்கு சுத்தி, வெடியாலயும் பொழுதோடயும் தப்பாம ஊத்துனனே. நீ வாரீன்னு திங்கக்கெழமை வெடியாலதான் சாக்க அவுத்தேன். இந்த மூணு கட்டைக்குங்கூட ஊத்துனேன். அப்பப் பஞ்சாயத்துத் தண்ணி வந்து எட்டு நாளாச்சு, குடிக்கப் புடிச்சு வெச்ச தொட்டித் தண்ணியத்தான் எடுத்தேன். உன்ற மச்சான் அந்த ரண்டு நாளும் குளிக்கவே இல்ல.”

“ஆருங்க ஊத்தச் சொன்னது?” என்று கத்திவிட்டேன். லேபில் இருந்த பசங்கள் எல்லாம் திரும்பினார்கள். அக்காவைப் பார்த்து நான் அதற்கு முன்னால் கத்தியதே கிடையாது.

அக்கா என்னையே பார்த்தார். “நீதான பாத்துக்கச் சொன்னே?”

6

காலேஜ் கேண்டீனுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அக்கா, நான், நடுவில் தூக்குப்போசி. மச்சானும் பழனிச்சாமியும் உடைந்த கட்டைகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் புதுத் தூண் என்றால் தண்ணீர் ஊற்றுவார்கள். சிமெண்ட் வேலை நடந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட மறந்தாலும் தூணுக்குத் தண்ணீர் ஊற்ற மறக்க மாட்டார்கள். அக்காவிடம் தூணைக் காட்டிப் ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் வேறு என்ன செய்வார்? இது சிமெண்ட் இல்லை, பசை, தண்ணீரே ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஐந்து வருடம் முன்னால் இருந்த பழைய அந்தோணியாக நான் இருந்திருந்தால், வெள்ளையைப் பார்த்த உடனேயே “ஏனுங்கக்கா, தண்ணி ஊத்துனீங்களா?” என்று கேட்டிருப்பான். எனக்கு அது தோன்றவே இல்லை. பஞ்சு ஞாபகம் இருந்தது, தண்ணீர் மறந்துபோயிருந்தது. கூசிப்போனேன்.

“மன்னிச்சுக்குங்கக்கா” என்றேன்.

“அட போ. தப்பு ரண்டு பேரு மேலயுந்தான்” என்று அக்கா தூக்குப்போசியைத் திறந்தார். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டார். “மறுக்கா அந்தத் துணி கொண்டாறதுக்கு ஆகுமா?”

“இனி லீவு மூணு வருசம் கழிச்சுத்தானுங்க. தூணு அதுவரைக்கும் பொறுக்காது. இப்பவே மாடியில ஆளு இருக்கக்கூடாதுங்கக்கா.”

“செரி. அப்ப இன்ஜினியரு சொன்னதுதான். தூணைப் பெருசு பண்ணிப்போடலாம். ரண்டு தறிதான போகுது, போகட்டும்.”

எட்டில் இரண்டு தறி. ஒவ்வொரு தறிக்கும் அக்கா எத்தனை வருடம் நின்றார் என்று எனக்குத் தெரியும். “வேண்டாங்கக்கா” என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். “கண்ணு, ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லிப்போடு. அந்த மிசினு மூஞ்சி பாக்காம சொல்லுச்சில்ல, அப்படி. நீ திரும்பி வருவியா? வருவீன்னா ரண்டு தறி என்ன, நாலு தறிய எடுத்துப்போட்டாவது மாடிய நிறுத்தறேன். வரமாட்டேன்னா, ஆளில்லாத ரூமுக்கு எதுக்குத் தறியக் கழட்டறது?”

இப்படி ஒரு கேள்வியை ஐந்து வருடமாக எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். ‘பாக்கலாங்க’, ‘ஆண்டவன் விட்ட வழிங்க’, ‘இன்னும் ரண்டு வருசம் போகட்டுங்க’ என்று சொல்லியே ஓட்டியிருந்தேன். எங்கள் ஊர்க்காரனுக்கு முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல வராது. அன்றைக்கும் ‘பாக்கலாங்கக்கா’ என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பார். மறுநாளே இரண்டு தறியைக் கழற்றியிருப்பார்.

ஜெனி அந்த வருடம்தான் அங்கே பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். வீட்டுக்குக் கடன் போட்டாயிற்று. எனக்கு விடை தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும்.

“இல்லீங்கக்கா. வரமாட்டனுங்க.”

அக்கா தலையாட்டினார். மறுபடி தலையாட்டினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செரி. மாடிய எடுத்துப்போடலாம்” என்றார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, “தின்னு, ஆறிப்போச்சு” என்றார். நான் அழுதுகொண்டே தின்றேன்.

7

நான் இங்கே திரும்பி வந்த மூன்றாவது மாதம் மச்சானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாடியை எடுத்தாகிவிட்டது, மேலே பழையபடி சிமெண்ட் அட்டை போட்டாகிவிட்டது, எட்டுத் தறியும் ஓடுகிறது, அக்கா சௌக்கியம். அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. லீவுக்கு ஊருக்குப் போக வேண்டிய இந்த வருடமும் ஏதேதோ காரணம் சொல்லி இன்னும் போகாமல் இருக்கிறேன். உண்மையான காரணம், பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வெற்று இடத்தை நிமிர்ந்து பார்க்கப் பயம்.

நேற்றைய தபாலில் ஒரு போட்டோ வந்தது. குடோனுக்கு வெள்ளையடித்து, அதற்கு முன்னால் அக்காவும் மச்சானும் நிற்கிறார்கள். அக்காவுக்கு முடி நிறைய நரைத்துவிட்டது. திறந்த கதவு வழியாக ஒரு தூண் தெரிகிறது, இன்னமும் கருப்பாக. சுமை போய்விட்டதால் நன்றாகவே நிற்கிறது. அதில் ஆணியடிக்க முடியாமல் சணல் கயிறு கட்டிக் காலண்டர் தொங்கவிட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜெனிதான் அதைப் பார்த்தாள். “இந்தப் படி எங்க போகுது?”

வாங்கிப் பார்த்தேன். குடோனின் பக்கச் சுவரை ஒட்டி, மாடிக்குப் போட்ட சிமெண்ட் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. பதினான்கு படி. கைப்பிடிச் சுவரோடு, புது வெள்ளையோடு. மேலே கதவு இல்லை, அறை இல்லை. கடைசிப் படிக்கு அப்புறம் வெறும் வானம்.

இன்று சனிக்கிழமை சாயங்காலம். அங்கே ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்புகிற நேரம். போன் கார்டைச் சுரண்டி எண்ணைப் போட்டோம். பக்கத்து வீட்டு போனில் அக்கா ஓடி வந்து எடுத்தார். ஜெனி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அத்தை, நீ ஏன் படியை மட்டும் ஒடைக்கல? மேல ஒண்ணும் இல்லையே. அதுல யார் ஏறுவா?”

‘நீ’யைக் கேட்டு அக்கா வழக்கம் போலச் சிரித்தார்.

“அது மேல ஏறறதுக்கு இல்ல அம்மணி. உங்கப்பன் மேலதான இருக்கறான், ஏரோப்பிளானுல போனவன். அவன் எறங்கி வாரதுக்கு.”

ஜெனிக்குப் பாதிதான் புரிந்தது. என்னிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டாள். எவ்வளவோ கேட்க வேண்டும் என்றிருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

“அக்கா, தண்ணி வருதுங்களா ஊருல?”

“பத்து நாளைக்கு ஒருக்கா வருது கண்ணு. இப்பெல்லாம் ஊத்தறதுக்குத் தூணு ஒண்ணுமில்ல, குடிக்கப் பத்துது” என்றார். அதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஃபாரத்தை இழுத்தேன். ‘நிரந்தர முகவரி’ கட்டத்தில் கதவு எண் 14A, கருமத்தம்பட்டி என்று எழுதினேன். ‘மாடி’ என்று எழுதவில்லை, அது இல்லை. ஆனால் அங்கே போக வழி இருக்கிறது.

பிறகு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, கிறிஸ்துமசுக்கு மூன்று டிக்கெட் என்ன விலை என்று கேட்கச் சொன்னேன்.